இரண்டு இளநீர்

என் மனைவி செத்த அன்று மத்தியானம் அவளுக்கு இரண்டு இளநீர் வாங்கிக் கொடுத்தேன். என் கையால் கொடுத்தேன். இதை ஒரு வருஷம் யாரிடமும் சொல்லவில்லை. அந்த ஒரு வருஷமும் என் மகள், தான் சமைத்த உருளைக்கிழங்கால்தான் அம்மா செத்தாள் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நடந்ததை நடந்த மாதிரி எழுதுகிறேன்.

சிங்கப்பூரில், ஜாலான் புசாரில் ஒரு ஹார்ட்வேர் கடையில் எனக்கு வேலை. குழாய், பூட்டு, ஆணி, பெயிண்ட். முப்பது வருஷத்துக்கு மேல் அதே கடை. ஊரில் ஐந்தாவது வரை படித்தேன். இருபத்திரண்டு வயதில் இங்கே வந்தேன். மனைவி இங்கே பிறந்தவள். பள்ளிக்கூட கேன்டீனில் வேலை செய்தாள். ஒரே மகள். வீடு ஈசூனில், அடுக்குமாடி புளோக் ஒன்றில். மகளும் கல்யாணம் ஆகி நாலு புளோக் தள்ளித்தான் இருக்கிறாள். அவளுக்கு ஒரு பெண் குழந்தை.

மனைவிக்கு முதலில் சர்க்கரை வந்தது. பிறகு சிறுநீரகம் இரண்டும் போனது. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். செவ்வாய், வியாழன், சனி. இரண்டு பஸ் நிறுத்தம் தள்ளி ஒரு புளோக்கின் கீழ்த்தளத்தில் அந்த இடம். நாலு மணி நேரம் நாற்காலியில் கிடப்பாள். கையில் இரண்டு ஊசி. ரத்தம் வெளியே போய், சுத்தமாகித் திரும்பி வரும். உள்ளே போகுமுன் எடை பார்ப்பார்கள். ஒன்றுக்குப் போவதே நின்றுவிட்டதால் குடிக்கிற தண்ணீர் எல்லாம் உடம்பிலேயே தங்கும். எடை ஏறியிருந்தால் தண்ணீர் குடித்திருக்கிறாள் என்று அர்த்தம்.

ஒரு நாளைக்கு அரை லிட்டர். அவ்வளவுதான் அனுமதி. டீ, ரசம், கஞ்சி, ஐஸ் எல்லாம் அதில் சேர்த்தி.

அந்தப் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். அரை லிட்டர் பாட்டில் ஒன்றில், கடையில் குழாய்க்குக் குறி போடுகிற கறுப்பு மார்க்கரால் ஐந்து கோடு போட்டேன். காலையில் நிரப்பி வைப்பேன். ஒரு டீ குடித்தால் ஒரு கோட்டளவு கீழே கொட்டிவிடுவேன். ஐஸ் கட்டி இரண்டு கேட்டால் அதற்கும் கொஞ்சம் கொட்டுவேன். சோற்றில் ரசம் அதிகமாக ஊற்றிக்கொண்டால் தட்டைச் சாய்த்து வடித்துவிடுவேன்.

அவள் என்னைத் தண்ணி போலீஸ் என்பாள். யாராவது வீட்டுக்கு வந்தால், "மெதுவா பேசுங்க, போலீஸ் உள்ள இருக்காரு" என்பாள். குளிக்கப் போனால் நான் கதவுக்கு வெளியே நிற்பேன். உள்ளேயிருந்து, "வாயைத்தான் கொப்புளிக்கிறேன். வந்து வாயைத் தொறந்து பாக்குறீங்களா?" என்பாள்.

எடை ஒழுங்காக இருந்தது. "அங்கிள் வெரி குட்" என்று நர்ஸ் சொன்னாள். எனக்குப் பெருமையாக இருந்தது. என் வாழ்க்கையில் எனக்கு யாரும் வெரி குட் சொன்னதில்லை. இரண்டு வருஷம் அப்படி ஓடியது.

தண்ணீரைத் தவிரச் சாப்பாட்டிலும் கட்டுப்பாடு இருந்தது. பொட்டாசியம் என்று ஒன்று. அது ஏறினால் இதயம் நின்றுவிடும். மகள்தான் சொன்னாள். வாழைப்பழம் கூடாது என்றாள். உருளைக்கிழங்கை நறுக்கி, தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, மறுபடி வேகவைக்க வேண்டும் என்றாள். டயாலிசிஸ் செய்கிற இடத்தில் கொடுத்த தாளைக் கொண்டுவந்து ஃபிரிட்ஜில் ஒட்டினாள். "எல்லாம் இதுல இருக்குப்பா, பாத்துக்குங்க" என்றாள். சரி என்றேன். தாள் இங்கிலீஷில் இருந்தது.

அன்று திங்கட்கிழமை. தீபாவளிக்குப் பத்து நாள் இருந்தது. சனிக்கும் செவ்வாய்க்கும் நடுவில் இரண்டு நாள் இடைவெளி. அதனால் திங்கட்கிழமை அவளுக்கு எப்போதும் கஷ்டம். முகம் உப்பும். மூச்சு வாங்கும். ஆனால் அன்று நல்லாத்தான் இருந்தாள். எனக்கும் மகளுக்கும் லீவு. மத்தியானம் மகள் எங்கள் வீட்டில் சமைத்தாள். உருளைக்கிழங்கு வறுவல் செய்தாள். பேத்தி பசி என்று அழுததால் அன்று ஒரு தடவைதான் வேகவைத்தாள். கொட்டித் திரும்ப வேகவைக்கவில்லை. மனைவி கொஞ்சம் சாப்பிட்டாள்.

சாப்பிட்டுவிட்டு, லிட்டில் இந்தியாவுக்குப் போகலாம், பேத்திக்கு வளையல் வாங்க வேண்டும் என்றாள். வேண்டாம், வெயில் என்றேன். "ரெண்டு வருஷமா அந்த நாற்காலியையும் உங்க மூஞ்சியையும்தான் பாக்குறேன்" என்றாள். கிளம்பினோம். மகள் குழந்தையைத் தூங்க வைத்துக்கொண்டு வீட்டில் இருந்தாள்.

டோபி காட் நிலையத்தில் ரயில் மாறிப் போனோம். பண்டிகைக் கடைகள் போட்டிருந்தார்கள். கூட்டம். வளையல் வாங்கினாள். நிறம் பிடிக்கவில்லை என்று திரும்பப் போய் மாற்றினாள். அப்புறம் நடக்க முடியவில்லை. ஒரு கடை முன்னால் அஞ்சடி நடைபாதையில், படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். உதடு காய்ந்து வெடித்திருந்தது. பாட்டிலில் ஒரு வாய்த் தண்ணீர் பாக்கி இருந்தது. கொடுத்தேன். குடித்துவிட்டுப் பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்து நாக்கில் தட்டினாள்.

"இன்னும் கொஞ்சம் தாங்க."

"முடிஞ்சிருச்சு."

"கடையில விக்கிறான்ல?"

"நாளைக்கு எடை ஏறும்."

எதிர்ப்பக்கம் ஒரு பெண் தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்துக்கொண்டிருந்தாள். அவள் குடித்து முடிக்கும் வரை இவள் அதையே பார்த்தாள். அந்தப் பெண் மிச்சத் தண்ணீரில் கை கழுவினாள். அதையும் பார்த்தாள்.

என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. பக்கத்தில் இளநீர் வெட்டிக்கொண்டிருந்தார்கள். போய் ஒன்று வாங்கினேன். அளவு தாண்டும் என்று எனக்குத் தெரியும். நாளைக்குச் செவ்வாய்க்கிழமை, மிஷின் எடுத்துவிடும் என்று நினைத்தேன். ஊரில் நீர்க்கடுப்பு என்றால் இளநீர்தான் கொடுப்பார்கள். சூட்டைத் தணிக்கும், சிறுநீரகத்தைக் கழுவிவிடும் என்பார்கள். தண்ணீரை விட இது உடம்புக்கு நல்லதுதானே என்று நினைத்தேன். நல்லது செய்கிறேன் என்றே நினைத்தேன்.

அவள் இளநீரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"குடிக்கவா?"

"குடி. இது ஒண்ணும் செய்யாது."

சிரித்தாள். ஸ்டிராவைத் தள்ளிவிட்டு அண்ணாந்து குடித்தாள். தாடையில் வழிந்தது. முழுசும் குடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். அப்புறம், "இன்னொண்ணு வாங்கித் தாங்க" என்றாள். வாங்கித் தந்தேன்.

ரயிலில் வரும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். எங்களுக்குள் அந்தப் பழக்கம் கிடையாது.

வீட்டுக்கு வந்தபோது மணி ஐந்து. கால் கனமாக இருக்கிறது என்றாள். நடந்த களைப்பு என்றேன். ஆறு மணிக்கு சோபாவிலிருந்து எழுந்திருக்க முடியவில்லை. காலைத் தூக்கச் சொன்னேன். தூக்க வரவில்லை. மகள் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள்.

ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டாக்டர் வெளியே வந்து அவசரமாக மகளிடம் இங்கிலீஷில் கேட்டார். மகள் என் பக்கம் திரும்பித் தமிழில் கேட்டாள்.

"இன்னைக்கு அம்மா என்ன சாப்பிட்டாங்கன்னு கேக்குறாங்கப்பா. வாழைப்பழம், ஆரஞ்சு, இளநீர், அந்த மாதிரி ஏதாவது வெளிய சாப்பிட்டாங்களா?"

வாழைப்பழத்தோடு சேர்த்து இளநீரைச் சொல்கிறாள். அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"ஒண்ணும் சாப்பிடல" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று ஒரு வருஷம் யோசித்தேன். பயம் என்றால் யாரைப் பார்த்துப் பயம்? தெரியவில்லை. வாய் அப்படிச் சொல்லிவிட்டது. சொன்ன பிறகு அதைத் திரும்ப வாங்க முடியவில்லை.

மகள் டாக்டரிடம் திரும்பி ஏதோ சொன்னாள். பொட்டேட்டோ என்ற சொல் எனக்குப் புரிந்தது. சொல்லும்போதே அவள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். டாக்டர் தலையை ஆட்டிவிட்டு உள்ளே ஓடினார். ஏழரை மணிக்குத் திரும்ப வந்தார். பொட்டாசியம் மிக அதிகம், இதயம் நின்றுவிட்டது, முயற்சி செய்தோம் என்று அவர் சொன்னதை மகள் எனக்குத் தமிழில் சொன்னாள்.

மகள் அழவில்லை. "ரெண்டாவது தடவ வேகவச்சிருக்கணும்" என்றாள். தரையைப் பார்த்துக்கொண்டு அதையே மூன்று நாலு தடவை சொன்னாள். நான் அவள் பக்கத்தில்தான் நின்றேன்.

பதினாறாம் நாள் வீட்டில் படையல் போட்டோம். செத்தவர்களுக்குப் பிடித்ததை எல்லாம் வைக்க வேண்டும். மகள் வடை சுட்டாள், மீன் வறுத்தாள், பாயசம் வைத்தாள். கடைசியில் பையிலிருந்து ஓர் இளநீரை எடுத்து இலைக்குப் பக்கத்தில் வைத்தாள். காலையிலேயே லிட்டில் இந்தியாவுக்குப் போய் வாங்கி வந்திருக்கிறாள்.

"அம்மாவுக்கு ரொம்பப் பிடிக்கும். ரெண்டு வருஷமா ஒரு வாய் குடிக்கல. இப்ப யாரும் தடுக்க முடியாதுல்ல" என்றாள்.

கும்பிட்டு முடித்ததும் அந்த இளநீரை டம்ளரில் ஊற்றி என்னிடம் கொடுத்தாள். படைத்ததை வேண்டாம் என்று சொல்லக் கூடாது. வாங்கிக் குடித்தேன். பிறகு குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்தி, குழாயைத் திறந்துவிட்டு, எல்லாவற்றையும் வாந்தி எடுத்தேன்.

அதற்குப் பிறகு மகள் ஒரு கேள்வியைக் கேட்க ஆரம்பித்தாள். வாரத்துக்கு ஒரு தடவையாவது கேட்பாள். ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு கொண்டுவரும்போது கேட்பாள். போனில் வேறு எதையோ பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் கேட்பாள்.

"அப்பா, அன்னைக்கு அம்மா உருளைக்கிழங்கு எத்தனை துண்டு சாப்பிட்டாங்க?"

"கொஞ்சம்தான்."

"நாலா, அஞ்சா?"

"ஞாபகம் இல்ல. கொஞ்சம்தான்."

ஒவ்வொரு தடவையும் சொல்லலாம் என்று வாயைத் திறப்பேன். கொஞ்சம்தான் என்றுதான் வரும்.

அவள் இளைத்துப்போனாள். தன் வீட்டில் எல்லாக் காய்களையும் இரண்டு தடவை வேகவைத்தாள். யாருக்கும் நோய் இல்லாத வீடு அது. காய் கூழாக இருக்கும். கழுவிக் கழுவி அவள் கை வெடித்து, விரல் இடுக்கில் ரத்தம் தெரியும். செவ்வாய்க்கிழமையானால் வேலை முடிந்து சிராங்கூன் சாலையில் இருக்கிற கோயிலுக்குப் போய் நூற்றெட்டு தடவை சுற்றுவாள். ஒரு நாள் நான் கடையிலிருந்து நடந்து போய்த் தூணுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். உதட்டால் எண்ணிக்கொண்டே சுற்றினாள். எண்ணிக்கை தப்பிவிட்டதோ என்னவோ, நின்று, யோசித்து, முதலிலிருந்து ஆரம்பித்தாள். அவள் பார்ப்பதற்குள் வந்துவிட்டேன்.

நான் என்ன செய்தேன் என்று கேட்டால், மனைவியின் பாட்டிலை எடுத்துக்கொண்டேன். கோடு போட்ட அதே பாட்டில். நானும் ஒரு நாளைக்கு அரை லிட்டர் என்று வைத்துக்கொண்டேன். டீக்குக் கழித்தேன். குழம்புக்குக் கழித்தேன். முதல் நாலு நாள் பெரிதாகத் தெரியவில்லை. பிறகு தெரிந்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். எச்சில் வராது. சோறு இறங்காது. எதைப் பார்த்தாலும் அது தண்ணீராகத்தான் தெரியும். கடைக்கு எதிரில் ஒருவன் குழாய் போட்டுக் கார் கழுவுவான். வேலையை விட்டுவிட்டு நின்று அதைப் பார்ப்பேன். இரண்டு வருஷம் அவளை இதில்தான் வைத்திருந்தேன். வெரி குட் வாங்கியது இதற்குத்தான்.

ஒரு நாள் ஜி.ஐ. இரும்புக் குழாயைத் தோளில் வைத்துக்கொண்டு வரும்போது மயங்கி விழுந்தேன். குழாய் உருண்டு நடைபாதைக்குப் போனது. முதலாளி சீனர். என் தலையில் தண்ணீரை ஊற்றிவிட்டு மலாயும் இங்கிலீஷும் கலந்து திட்டினார். "தண்ணி குடி லா. சாகுறதுன்னா வீட்டுல போயி சாவு, என் கடையில சாவாதே" என்பது அதன் அர்த்தம். அன்றைக்கு ஒரு பாட்டில் கூடுதலாகக் குடித்தேன். மறுநாள் திரும்ப அரை லிட்டர். பகலில் வேலை இருக்கிற நேரத்துக்கு மட்டும் பிறகு கொஞ்சம் கூட்டிக்கொண்டேன். சாவதற்காக நான் அதைச் செய்யவில்லை. வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. ரயில் நிலையத்தில் மஞ்சள் கோட்டுக்குப் பக்கத்தில் நிற்கும்போது சில நாள் வேறு நினைப்பும் வந்தது. பொய் சொல்ல மாட்டேன். அப்படி நான் போனால் மகள் அதையும் தன் கணக்கில்தான் எழுதிக்கொள்வாள் என்பதால் பின்னால் தள்ளி நின்றேன்.

வருஷம் திரும்பியது. மறுபடி தீபாவளி விளக்குப் போட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மகளும் பேத்தியும் வந்தார்கள். மகள் சாப்பாட்டு டப்பாக்களைத் திறந்து வைத்தாள். பேத்திக்கு ஆறு வயது. பள்ளிக்கூடம் போகிறாள். தட்டைத் தள்ளி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"சாப்பிடும்மா" என்றேன்.

"வேண்டாம் தாத்தா. நோ டேஸ்ட்."

"அம்மா சமைச்சது நல்லா இருக்கும்."

அவள் என் பக்கம் குனிந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "தாத்தா, அம்மா சமைச்சு சாப்பிட்டா செத்துப்போயிருவாங்களா? அம்மா போன்ல யார்கிட்டயோ சொன்னாங்க. பாட்டி அப்படித்தான் செத்தாங்களாம்."

தாழ்த்தித்தான் கேட்டாள். ஆனால் வீடு சின்னது. மகள் கையில் இருந்த கரண்டி நின்றது. பிறகு ஒன்றும் கேட்காத மாதிரி சோறு போட்டாள். எனக்குப் போட்டாள், குழந்தைக்குப் போட்டாள். தனக்குப் போடவில்லை.

பேத்தியை நாற்காலியிலிருந்து எழுப்பி, உள்ளே போய் டிவி பார் என்றேன். கதவைச் சாத்திவிட்டு வந்தேன். உட்கார்ந்தால் சொல்ல முடியாது என்று நின்றுகொண்டே சொன்னேன்.

"உங்கம்மாவுக்கு நான் இளநீர் வாங்கிக் கொடுத்தேன்."

"எப்ப?"

"அன்னைக்குத்தான். லிட்டில் இந்தியாவுல."

அவள் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைப்பதை நிறுத்தவில்லை.

"எவ்வளவு?"

"ரெண்டு."

"ரெண்டு வாயா?"

"ரெண்டு காய்."

துணியை மடித்து வைத்தாள்.

"டாக்டர் கேட்டப்ப நான் உங்ககிட்ட தமிழ்ல கேட்டேன்ப்பா. இளநீர்னு பேரச் சொல்லிக் கேட்டேன். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

"ஆமா."

"நீங்க இல்லன்னீங்க."

"ஆமா."

"ஒரு வருஷமா எத்தனை துண்டு, எத்தனை துண்டுன்னு உங்ககிட்ட வந்து நின்னேன். கொஞ்சம்தான்னு சொன்னீங்க."

"ஆமா."

"ஆமா ஆமான்னு சொல்லாதீங்கப்பா."

அவள் ஃபிரிட்ஜுக்குப் போனாள். தாள் அங்கேயேதான் ஒட்டியிருந்தது. யாரும் கிழிக்கவில்லை. அதில் விரலை வைத்தாள்.

"மூணாவது வரியில போட்டிருக்கு. இவ்ளோ பெருசா. இதப் படிச்சிட்டும் ஏன் கொடுத்தீங்க?"

"படிக்கல."

"ஏன் படிக்கல? ரெண்டு வருஷம் கண்ணு முன்னாடி இருந்துச்சு."

"எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது."

"பேசத் தெரியாது. அது எனக்குத் தெரியும். படிக்கிறதக் கேக்குறேன்."

"படிக்கவும் தெரியாது."

என்னைப் பார்த்தாள். அவளுக்கு வயது முப்பத்தி நாலு. அன்றுவரை அவளுக்கு அது தெரியாது. நான் தெரிய விட்டதில்லை. கடையில் டெலிவரி தாளை எண்ணையும் எழுத்தின் உருவத்தையும் வைத்து ஒப்பேற்றுவேன். வீட்டுக்கு வருகிற கடிதத்தை வாங்கி, முகத்துக்கு நேரே பிடித்து, தலையாட்டி, மனைவியிடம் கொடுப்பேன்.

"என் ரிப்போர்ட் புக்கப் பாத்து சைன் போட்டீங்களேப்பா."

"செவப்பு மை இருக்கான்னு பாப்பேன்."

"மாத்ஸ்ல ஃபெயிலானப்ப திட்டுனீங்க."

"உங்கம்மா சொன்னா."

அவள் ஒரு சத்தம் போட்டாள். சிரிப்பு மாதிரி வந்து பாதியில் உடைந்தது. அந்தத் தாளைப் பார்த்துத் தமிழில் படிக்க ஆரம்பித்தாள். எனக்காகப் படித்தாளா, தனக்காகவா, தெரியாது. "வாழைப்பழம். ஆரஞ்சு. இளநீர். தக்காளி. உருளைக்கிழங்கு." அதோடு நிறுத்தினாள். நெற்றியை ஃபிரிட்ஜ் கதவில் வைத்துக்கொண்டாள். அப்படியே நின்றபடி கேட்டாள்.

"உங்களுக்குப் படிக்கத் தெரியாதுன்னு அம்மாவுக்குத் தெரியும்ல?"

"அவளுக்கு மட்டும் தெரியும்."

"அம்மாவுக்கு இளநீர் கூடாதுன்னு தெரியும்ப்பா."

எனக்கு விளங்கவில்லை.

"மொத வாரமே நர்ஸ் படம் காட்டிச் சொல்லிக் கொடுத்தாங்க. நானும் பக்கத்துல இருந்தேன். வாழைப்பழம் படம், இளநீர் படம். அம்மா அந்த இளநீர் படத்தத் தொட்டு, இதுவுமா, இதுவுமான்னு ரெண்டு தடவ கேட்டாங்க. நர்ஸ் சொன்னாங்க, இது ரொம்ப டேஞ்சர் ஆன்ட்டின்னு. அம்மாவுக்கு நல்லாத் தெரியும்."

குடிக்கவா என்று அவள் என்னைக் கேட்டது இதற்குத்தானா என்று நினைத்தேன். வீட்டில் எது கூடும், எது கூடாது என்று ஒவ்வொன்றையும் அவள் எனக்குச் சொல்லியிருக்கிறாள். இந்த ஒன்றை மட்டும் சொல்லவில்லை. சொன்னால் நான் காவல் இருப்பேன் என்று தெரியும். சொல்லாமல் வைத்திருந்தாள்.

மகள் குழந்தையைக் கூப்பிட்டு, செருப்பை மாட்டிவிட்டு, டப்பாக்களை எடுக்காமலே போய்விட்டாள். கதவைச் சத்தம் போட்டுச் சாத்தவில்லை. மெதுவாகத்தான் சாத்தினாள்.

அன்றிலிருந்து போன் இல்லை. முதல் ஞாயிறு வரவில்லை. இரண்டாவது ஞாயிறும் வரவில்லை. டப்பாக்களைக் கழுவித் துடைத்து மேசையில் வைத்தேன். நாலு புளோக் தூரம்தான். போகவில்லை. போய் என்ன சொல்வது? தீபாவளி அன்று காலையில் குளித்துவிட்டு, சட்டை போட்டுக்கொண்டு, உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் சட்டையைக் கழற்றி மாட்டினேன்.

அந்த நாள்களில் மனைவியின் படத்துக்கு விளக்கு ஏற்றவில்லை. பூ போடவில்லை. படத்துக்கு முன்னால் நின்று, "தெரிஞ்சேதான் குடிச்சியா?" என்று சத்தமாகக் கேட்டேன். தெரிந்தே குடித்தாய். என் கையால் வாங்கிக் குடித்தாய். என் கையைப் பிடித்துக்கொண்டு ரயிலில் வந்தாய். பிறகு போய்விட்டாய். நானும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு ஒரு வருஷம் செத்தோம். அவள் மேல் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது. உயிரோடு இருந்தபோது கூட அவ்வளவு வந்ததில்லை. படத்தைத் திருப்பிச் சுவர்ப் பக்கமாக வைத்தேன்.

மூன்று நாள் படம் அப்படி இருந்தது. நான்காம் நாள் கடையில் சரக்கு இறக்கினோம். சிமெண்டு மூட்டை. கடுமையான வெயில். என் அன்றைய அளவுத் தண்ணீர் பதினொரு மணிக்கே முடிந்திருந்தது. இரண்டு மணிக்கு, பெயிண்ட் பிரஷ் கழுவுகிற வாளியில் கிடந்த தண்ணீருக்கு முன்னால் நான் நின்றுகொண்டிருந்தேன். வெள்ளையாக, நாற்றமடிக்கிற தண்ணீர். அது விஷம் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கை உள்ளே போய்விட்டது. அள்ளி, முகம் வரைக்கும் கொண்டுவந்துவிட்டேன். நாற்றம் மூக்கில் ஏறிய பிறகுதான் கொட்டினேன்.

பிறகு உள்ளே போய், குழாயில் வாயை வைத்து வயிறு வலிக்கும் வரை குடித்தேன். அவள் மேல் இருந்த கோபம் அதோடு போனது. இரண்டு வருஷத் தாகத்தில் உட்கார்ந்திருந்தவள் முன்னால் குளிர்ந்த இளநீரை வைத்தால் என்ன செய்வாள்? சாக வேண்டும் என்று நினைத்துக் குடித்தாளா, ஒரு தடவைதானே, ஒன்றும் ஆகாது என்று நினைத்துக் குடித்தாளா என்று எனக்குத் தெரியாது. குடிக்க வேண்டும் போல இருந்தது, குடித்தாள். வீட்டுக்குப் போனதும் படத்தை நேராக வைத்து விளக்கு ஏற்றினேன். பாட்டிலைக் குப்பையில் போட்டேன்.

என் மேல் உள்ள கோபம் போகவில்லை. இளநீர் கொடுத்ததைக் கூடப் பிடித்துத் தூக்கி ஒரு மூலையில் வைக்கலாம். ஒன்றும் சாப்பிடல என்று சொன்னதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அன்று சொல்லியிருந்தால் டாக்டர் இன்னும் வேகமாக ஏதாவது செய்திருப்பாரா? யாரிடமும் கேட்கவில்லை. கேட்கப் பயம்.

நாலாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம், கடை மூடுகிற நேரத்தில் மகள் போன் செய்தாள். ரோட்டுச் சத்தம் கேட்டது.

"அப்பா."

"ம்."

"எங்க இருக்கீங்க?"

"கடையில."

"நான் சிராங்கூன் ரோட்டுல, பஸ் ஸ்டாப்புல இருக்கேன். கோயிலுக்குன்னு வந்தேன். உள்ள போகல."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"நான் தூங்குறேன்ப்பா. படுத்தாத் தூங்கிடுறேன். காலையில அலாரம் அடிச்சாத்தான் எழுந்திரிக்கிறேன்."

"நல்லது."

"நல்லது இல்லப்பா. அதுக்குத்தான் கோவம் கோவமா வருது. ஒரு வார்த்தை. அத அன்னைக்கே சொல்லியிருந்தா ஒரு வருஷம் தூங்கியிருப்பேன்ல."

கையிலிருந்த பூட்டை மேசையில் வைத்தேன்.

"அம்மா மேல கோவமா இருக்கீங்களா?"

"இருந்துச்சு. இப்ப இல்ல."

"எனக்கு இருக்கு. உங்க ரெண்டு பேர் மேலயும் இருக்கு. என்னை அவசரப்படுத்தாதீங்க."

"இல்ல."

"அந்தத் தாள உங்களுக்குப் படிச்சுக் காட்டாதது என் தப்புன்னு ஒரு நாள் நெனைக்கிறேன். அடுத்த நாள் இல்லன்னு நெனைக்கிறேன். மண்ட காயுது."

"உன் தப்பு இல்ல. எதுவுமே உன் தப்பு இல்ல."

"உருளைக்கிழங்கு?"

"நாலு துண்டு. நான் எண்ணிட்டுத்தான் இருந்தேன். அவ சாப்பிடுறத எப்பவும் எண்ணுவேன். நாலு துண்டுல ஒருத்தரும் சாக மாட்டாங்க."

அந்தப் பக்கம் அழுகிறாள் என்று தெரிந்தது. அம்மா செத்த அன்று அழாதவள். முதலாளி இரும்புக் கதவைப் பாதி இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார். கையைக் காட்டி, நீ பேசு என்று சைகை செய்துவிட்டு உள்ளே போனார்.

அழுது முடித்து மகள், "மன்னிச்சிடுன்னு ஒரு தடவ கூட நீங்க கேக்கல" என்றாள்.

கேட்கவில்லைதான். அந்தச் சொல்லை நான் யாரிடமும் சொன்னதில்லை. கடையில் சாரி பாஸ் என்பேன். வீட்டில் அது கூட இல்லை. தமிழில் அதை எப்படி ஆரம்பிப்பது என்று கொஞ்சம் தடுமாறினேன்.

"மன்னிச்சிடும்மா" என்றேன்.

"இப்ப முடியாதுப்பா."

"சரி."

அவள் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. அவள் பக்கம் ஒரு பஸ் வந்து நின்று, கதவு திறந்து, மூடுகிற சத்தம் கேட்டது.

"பஸ் வந்துருச்சு போல" என்றேன்.

"மூணு போயிருச்சு" என்றாள்.